சோறு போட்ட பல்

அன்று காலை செங்கம்மாள் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கரியன் வாத்தியார் வந்து அரிவாள்மணைக்கு எதிரே குந்தினார். வெளுத்த சட்டை, புது வேட்டி. வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பேசக் கிளம்பியிருந்தார். வாயில் பென்சில் இருந்தது. உதட்டில் கவ்வியிருக்கவில்லை, மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லாத இடத்தில் அது செருகி நின்றது. எழுதுவதற்கு ஒன்றும் தோன்றாத நேரங்களில் பென்சிலுக்கு அதுதான் இடம்.

அதை உருவி நீட்டினார். "மொண்ணையாப் போச்சு செங்கு. சீவிக் குடு."

அவள் சுரைக்காயை ஒதுக்கிவிட்டு அரிவாள்மணையிலேயே பென்சிலைச் சீவினாள். சீவல் சுருள் சுருளாக நறுக்கிய துண்டுகளின் மேல் விழுந்தது. அவள் அதைப் பொறுக்கப் போனபோது அவர் கையைத் தடுத்தார்.

"இருக்கட்டும் வுடு. கொழம்புல வெந்த பெறகு எது சுரைக்கா, எது பென்சிலுன்னு எனக்கு வித்தியாசம் தெரியவா போவுது?"

"இத்தினி வருசமா தெரியலியே," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "இன்னிக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?"

அவர் வாயைத் திறந்து சிரித்தார். சிரித்தால் அந்தச் சந்து வழியாகக் காற்று சீட்டி அடித்துக்கொண்டு வரும். "இத நான் சொன்னதா எழுதிக்கறேன்," என்று பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. எப்போதும் பார்க்கமாட்டார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் கிளம்பத் தாமதமாகிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர் கண்களை மூடியிருந்தார். கண்டக்டர் இருசப்பன் டிக்கெட் கேட்டான். பதில் இல்லை. கரியன் வாத்தியார் இதற்கு முன்பும் அவனிடம் இப்படித் தூங்கிக் காட்டியிருக்கிறார். அவன் தோளைத் தொட்டதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "பஸ்ஸு கெளம்புதா? இல்ல, நான் ரிட்டையர் ஆவற வயசு வந்துடுச்சா?" என்று கேட்டு பஸ்ஸையே குலுங்க வைத்திருக்கிறார். அதனால் இருசப்பன் தோளைத் தொட்டுவிட்டு, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்து சீட்டுக்காரர் அவன் முகம் பார்த்துத் தானும் சிரிக்கத் தொடங்கினார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் அந்த வேடிக்கையின் முடிவுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

சட்டை வீட்டுக்கு வந்தபோது பென்சில் பையிலேயே இருந்தது. முனை ஒடியவில்லை.

கரியன் வாத்தியார் கல்வராயன் மலையில் பிறந்தவர். ஹாஸ்டலில் தங்கிப் படித்து, கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். வகுப்பில் தூங்கும் பிள்ளைகளை எழுப்புவதற்காகப் பேச ஆரம்பித்த பேச்சு, வாரப் பத்திரிகைகளில் அச்சாகி, ரேடியோவில் ஒலித்து, சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆள் வந்து மேடைக்கு அழைத்துப் போகிற அளவுக்கு வளர்ந்தது. எழுதியதை முதலில் செங்கம்மாளிடம்தான் கொடுப்பார். அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதே அவர் எழுதியதில்தான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து படிக்கும்போது அவர் தண்ணீர் குடிக்க வருகிறவர்போல வந்து முகத்தைப் பார்ப்பார். முகம் அசையாவிட்டால் அன்றைக்கு வெந்நீர் அடுப்புக்கு விறகு வேண்டாம், எழுதிய தாளே போதும்.

அவர் நாக்குக்கு ஊரில் தப்பியவர் இல்லை. வாசகர் மன்றத் தலைவர் தங்கதுரை, அரிசி மில் வைத்திருந்தவர், ஒரு கூட்டத்தில் அவரை அறிமுகம் செய்கிறேன் என்று முக்கால் மணி நேரம் பேசினார். கரியன் வாத்தியார் எழுந்து, "நான் பேச வந்ததையெல்லாம் தலைவரே பேசிட்டார். எனக்கு ஒரே ஒரு வருத்தம். நான் இவ்வளவு மோசமாப் பேசமாட்டேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தங்கதுரை இரண்டு நாள் கழித்து மில்லில் தனியாகச் சிரித்தார் என்று சொல்வார்கள். அதற்கப்புறம் அவர் இல்லாமல் தங்கதுரை ஒரு கூட்டமும் போட்டதில்லை.

அந்தப் பல் போனது கல்யாணத்தன்று. மலையில் மாப்பிள்ளையை மச்சான்மார்கள் சும்மா விடமாட்டார்கள். செங்கம்மாளின் அண்ணன் மாதன் வெல்லத்தை உருட்டி, நடுவில் ஒரு காய்ந்த கடுக்காய்க் கொட்டையை வைத்து, "மச்சான், மலை மிட்டாயி," என்று வாயில் ஊட்டினான். மாப்பிள்ளை ஆசையாகக் கடித்தார். பந்தல் முழுவதும் கேட்டது அந்தச் சத்தம். மாதன் வெலவெலத்துப் போனான். பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். மாப்பிள்ளை உள்ளங்கையில் துப்பிப் பார்த்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அல்லாரும் மாமனார் வூட்லருந்து எதனா வாங்கிக்கினு போவாங்க. நான்தான் ஒண்ண விட்டுட்டுப் போறேன்."

செங்கம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரை அவள் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

பிறகு சென்னையில் ஒரு பல் டாக்டர், அவருடைய பேச்சுக்கு அடிமை, செலவில்லாமல் பல் கட்டித்தருவதாக வீட்டுக்கே வந்து கெஞ்சினார். கரியன் வாத்தியார் அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினார். "முப்பத்தோரு பல்லு சோறு தின்னுது டாக்டர். இல்லாத அந்த ஒண்ணுதான் எனக்குச் சோறு போடுது."

பதினாறாம் நாள் படத்திறப்பு என்று தங்கதுரை நோட்டீஸ் அடித்துவிட்டார். சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்து திறப்பார். படம் பிறகு நூலகத்து வாசிப்பு அறையில் நிரந்தரமாக மாட்டப்படும். படத்துக்கு இருந்தது ஒரே ஒரு போட்டோ. போட்டோக்காரர்கள் வாயை மூடச் சொல்கிறார்கள் என்று கரியன் வாத்தியார் கேமரா பக்கமே போகமாட்டார். திருவண்ணாமலையில் ஒரு கூட்டத்தில், அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது யாரோ எடுத்து அனுப்பியது அது. செங்கம்மாள் அதை அரிசிப் பானைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். தங்கதுரை ஆள் அனுப்பிக் கேட்டதும் எடுத்துக் கொடுத்தாள்.

படத்திறப்புக்கு முதல் நாள், படம் தயார் என்று சொன்னார்கள். மலையிலிருந்து வந்து தங்கியிருந்த மாதனைக் கூட்டிக்கொண்டு அவள் சுப்புராயன் ஸ்டூடியோவுக்குப் போனாள்.

சுப்புராயன் ஊருக்கே படம் எடுப்பவர். இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்குவதில் அவருக்கு நல்ல பெயர். கண் மூடியிருந்தால் திறந்துவிடுவார். அம்மைத் தழும்பை அழிப்பார். சட்டையே இல்லாமல் ஏர் ஓட்டியவர்களுக்குக் கோட்டு போட்டுவிடுவார். குடும்பங்கள் அந்தப் படத்தைப் பார்த்து, நம் அப்பா இவ்வளவு அழகா என்று கண் கலங்கிப் போகும்.

அவர் துணியை விலக்கினார். "பாருங்க வாத்தியாரம்மா. ராத்திரி முழுக்க உக்காந்து செஞ்சேன். வாத்தியாருக்குன்னு தனியா."

ஆள் உயரத்தில் பாதி இருந்தது படம். தலை படிய வாரியிருந்தது. தோளில் ஜரிகைத் துண்டு. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. வாய் நிறையப் பல், வெள்ளை வெளேரென்று, ஒன்றுகூடக் குறையாமல்.

செங்கம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "யாருங்க இவரு?" என்றாள்.

சுப்புராயன் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

"மச்சான்தான்," என்றான் மாதன், கழுத்தைச் சாய்த்துப் பார்த்து. "மச்சானுக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தா இப்பிடி இருந்திருப்பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வுடு தாயி. நான் ஒடச்சத இவரு கட்டிட்டாரு. என் தலையில இருந்த பாரம் எறங்கிச்சு."

"உன் பாரம் எறங்கறதுக்கு அவரு மூஞ்சிதான் கெடச்சுதா அண்ணே?" என்றவள் சுப்புராயன் பக்கம் திரும்பினாள். "நான் குடுத்த சின்ன போட்டோவக் குடுங்க."

அவர் தயங்கியபடி எடுத்துக் கொடுத்தார். அதிலும் பல் இருந்தது. முதலில் சின்னதில் தூரிகையால் சரிசெய்துவிட்டுத்தான் பெரிதாக்குவது தொழில் வழக்கம் என்றார். செங்கம்மாள் விரல் நுனியால் தடவினாள். காய்ந்த வண்ணம். அழிக்க முடியாது.

நாளைக்கு இந்த முகம் நூலகத்தில் ஏறும். வருகிறவர்கள் போகிறவர்கள் இதைத்தான் பார்ப்பார்கள். ஐந்தாறு வருஷத்தில், கண்ணை மூடினால் அவளுக்கே இந்த ஜரிகைத் துண்டுக்காரர்தான் வருவார். அந்தச் சந்து வேறெங்கும் இல்லை. காகிதத்தில் இல்லை, சாம்பலில் இல்லை. அவள் ஒருத்தியின் நினைப்பில் மட்டும் இருக்கிறது. நினைப்பு எத்தனை நாளைக்குத் தாங்கும்?

"இந்தப் பல்ல எடுத்துடுங்க," என்றாள்.

"அய்யோ! அது எப்பிடிம்மா? தங்கதுரை பாத்துட்டு சபாஷ்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அவர் சொல்லாம நான் கை வெக்க முடியாது. செத்தவங்கள கொறையோட வெக்கறது இந்தக் கடையில கெடையாது."

"அப்ப அவர வரச் சொல்லுங்க."

"அவரு பந்தல்காரனோட பேசிக்கினு இருக்காரு. சாயங்காலமா வருவாரு."

"வரட்டும். நான் இருக்கேன்."

ஸ்டூடியோவின் உள்ளே, அருவியும் அன்னமும் வரைந்த திரைக்கு முன்னால், படம் எடுத்துக்கொள்பவர்களுக்காக ஒரு சிங்காசன நாற்காலி இருந்தது. செங்கம்மாள் நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள். கைகளை இரண்டு பக்கச் சிங்கத் தலைகள் மேலும் வைத்துக்கொண்டாள்.

சுப்புராயனுக்கு முகம் வெளுத்தது. அன்று ஆவணி முகூர்த்தம். தாலி கட்டின கையோடு ஜோடிகள் வரிசையாக வரும் நாள். புருஷனின் பதினாறாம் நாள்கூட முடியாத ஒரு பெண், வெறும் நெற்றியோடு, கல்யாணப் படம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மலையில் இதையெல்லாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கீழ்நாட்டில் பார்ப்பார்கள் என்பது செங்கம்மாளுக்கு நன்றாகத் தெரியும். பால் வாங்கப் போனபோதுகூட எதிரே வந்தவர்கள் நின்று திரும்பிப் போனதை அவள் பார்த்திருந்தாள்.

"வாத்தியாரம்மா, வெளிய பெஞ்சுல உக்காருங்க. காத்து வரும். காப்பி வாங்கியாரச் சொல்றேன்."

"இங்கயே காத்து ஜாஸ்திதாங்க. அருவியெல்லாம் இருக்குதே."

"ஜோடிங்க வர நேரம்மா..."

"வரட்டும். பக்கத்துல நின்னு எடுத்துக்கட்டும். நான் ஓரமா ஒதுங்கிக் குந்திக்கறேன்."

"ஐயோ, ஒங்களப் பாத்தா..." என்று ஆரம்பித்துச் சுப்புராயன் விழுங்கினார்.

"ஆவாது. அதானே? ஊரே சொல்லுது," என்றாள் செங்கம்மாள். "இன்னிக்கு ஒரு நாளைக்காவது அது எனக்கு ஆவட்டும்."

மாதன் வாசலில் நின்றபடி தங்கையை ஆச்சரியமாகப் பார்த்தான். இது மச்சான் பேசுகிற பேச்சு. பிறகு அவனுக்கு வேறு சந்தேகம் வந்தது. ஒருவேளை மச்சான் பேசினதெல்லாம் இவள் பேச்சுதானோ?

வாசலில் அம்பாசடர் கார் வந்து நின்றது. ரிஷிவந்தியம் கோயிலில் தாலி கட்டிவிட்டு வந்த ஜோடி. மணப்பெண்ணின் அத்தை குஞ்சம்மாள் முன்னால் இறங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, நாற்காலியைக் கண்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பின்வாங்கினாள். "கார்லயே இருங்க! யாரும் எறங்காதீங்க!" என்று அவள் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. பின்னாலேயே இன்னொரு கார். அதற்குப் பின்னால் மேளக்காரர்களோடு ஒரு வேன். சுப்புராயன் கடைப் பையனை சைக்கிளில் விரட்டினார். தங்கதுரை வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"இன்னாம்மா இது? வாத்தியார் சம்சாரம் செய்யற காரியமா?"

"வாத்தியார் சம்சாரம்தாங்க செய்யும்," என்றாள். "அந்தப் பல்ல எடுக்கச் சொல்லுங்க. எழுந்துடறேன்."

தங்கதுரை எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் வாத்தியாரைத் தன் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அன்று அழுத அழுகையில் அவருக்குத் தொண்டை கட்டி, இன்னும் சரியாகவில்லை.

"அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. சென்னையிலருந்து பெரியவர் வராரு. பேப்பர்காரங்க வராங்க. நம்ம மலையில பொறந்த ஒருத்தருக்கு மொதமொதலா படம் தொறக்கறோம். அதுல போய் பொக்கையா வெச்சா எப்பிடி? ஊரே சிரிக்கும்."

"சிரிக்காம?" செங்கம்மாள் நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். "அவரு வேற இன்னாத்துக்குங்க பொறந்தாரு? ஆயுசு முழுக்க ஊரச் சிரிக்க வெச்ச மனுசன். இப்ப நாலு பேரு அவரப் பாத்து சிரிக்கக்கூடாதுன்னு வாய அடச்சு வெக்கறீங்களே."

"மரியாதம்மா..."

"இரங்கல் கூட்டத்தப் பத்தி அவரு எழுதினத நீங்கதான மேடையில படிச்சீங்க? அங்க புகழ்ற மனுசன உசுரோட ஒரு தரமாவது பாத்திருக்கலாமேன்னு ஏங்குவேன், அந்தாளு பக்கத்துத் தெருவுலயே இருந்தும் எனக்குக் குடுத்துவெக்கலன்னு எழுதினாரே. அப்ப நீங்க சிரிச்சீங்க. இப்ப அவரையே அந்த மாதிரி ஒருத்தரா ஆக்கிட்டீங்க."

தங்கதுரை கட்டிய தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நான் சொல்றது வேணாம்," என்றாள் அவள். "அந்தப் படத்த வாசல்ல தூக்கிக் காட்டச் சொல்லுங்க. நிக்கறவங்க இது யாருன்னு சொல்லிட்டா நான் எழுந்து போயிடறேன். ஜரிகத் துண்டோட, பல்லோட மாட்டிக்குங்க."

இது நியாயமாகப் பட்டது தங்கதுரைக்கு. ஊரில் கரியன் வாத்தியாரைத் தெரியாதவர் யார்? "காட்டுய்யா," என்றார்.

சுப்புராயன் படத்தை வாசலுக்குத் தூக்கிப்போனார். மாதன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். கார் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. மாப்பிள்ளைப் பையன் எட்டிப் பார்த்து, "தாசில்தாருங்களா?" என்றான். குஞ்சம்மாள், "கல்யாண மண்டபத்து மொதலாளி," என்றாள் உறுதியாக. மேளக்காரர்களில் ஒருவர், எந்தக் கட்சி என்று கேட்டார். கடைசியில் மணப்பெண், மாலையை ஒதுக்கிக்கொண்டு, உற்றுப் பார்த்தாள்.

"கண்ணு எங்க கரியன் சாரு கண்ணு மாதிரி இருக்குது," என்றாள் மெதுவாக. "எட்டாவதுல அவருதான் எங்களுக்கு. ஆனா அவரு இல்ல இது. அவரு சிரிச்சா தெரியுமே."

தங்கதுரை படத்தையும் பார்த்தார், உள்ளே நாற்காலியையும் பார்த்தார். எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க இஷ்டம்மா. நாளைக்கு ஊரு சிரிச்சா என்னக் கேக்காதீங்க."

"கேக்கமாட்டேங்க. நீங்களும் ரெண்டு நாள் காத்திருக்காம அன்னிக்கே சிரிச்சுடுங்க."

தங்கதுரையின் உதடு துடித்தது. அதைக் காட்டாமலிருக்க அவர் வேகமாக வெளியே போய்விட்டார்.

சுப்புராயன் படத்தை மேசை மேல் கிடத்தினார். நல்ல வேளை, இன்னும் கண்ணாடி போட்டிருக்கவில்லை. தூரிகையைக் கறுப்பில் தோய்த்தார். கை இறங்கவில்லை. "என்னால முடியலம்மா. இத்தினி வருசத் தொழில்ல எத்தினியோ பேருக்குப் பல்லு வெச்சிருக்கேன். புடுங்கினதில்ல."

செங்கம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பென்சிலை எடுத்தாள். அரிவாள்மணையில் சீவிய வெட்டுகள் அதில் அப்படியே கரடுமுரடாக இருந்தன.

அவள் குனிந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எது அந்த இடம் என்று தேடவேண்டியிருக்கவில்லை. அழுத்தாமல், மேலிருந்து கீழாக, திரும்பத் திரும்ப இழுத்தாள். வெள்ளை சாம்பலாயிற்று; சாம்பல் கறுத்தது. ஒரு ஓரத்தில் பல்லின் வேர் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் அவள் விடவில்லை. மாதன் பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். கடைசிக் கோடு விழுந்ததும் கரியன் வாத்தியார் ஜரிகைத் துண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். யாரோ தனக்கு இந்தத் துண்டைப் போட்டுவிட்டதைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறவர் மாதிரி இருந்தது.

மாதன் "மச்சான்!" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. பாரம் மறுபடியும் அவன் தலையில் ஏறியிருந்தது. ஆனால் அவன் அதை இறக்கி வைக்கப் பார்க்கவில்லை.

செங்கம்மாள் வாசலுக்கு வந்து மணப்பெண்ணிடம், "உள்ள போம்மா. நாக்காலி காலியாத்தான் இருக்குது," என்றாள். குஞ்சம்மாள் தடுப்பதற்குள் அந்தப் பெண் இறங்கி வந்து, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. சென்னைப் பெரியவர் கயிற்றை இழுத்தார். திரை விலகியது. யாரும் அசையவில்லை. துக்கக் கூட்டத்தில் எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. கண்டக்டர் இருசப்பன். பஸ்ஸில் பாதியில் நின்றுபோன சிரிப்பை அவன் அங்கேதான் சிரித்து முடித்தான். அது வரிசை வரிசையாகப் பரவி மேடைக்கு ஏறியது. தங்கதுரை மைக்கின் முன்னால் நின்று, எழுதிக்கொண்டுவந்ததைப் படிக்க முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு அவர் பேச்சு அதுதான். அவர் பேசியதிலேயே அதுதான் நன்றாக இருந்தது என்று ஊரில் சொன்னார்கள்.

செங்கம்மாள் சிரிக்கவில்லை. எல்லோருடைய முகத்தையும், தண்ணீர் குடிக்க வருகிறவள்போல, பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூலகம் அதன்பிறகு இரண்டு முறை வெள்ளையடிக்கப்பட்டது. வாசிப்பு அறையின் மேசைகள் மாறின. படத்தின் ஓரங்கள் பழுப்பேறிவிட்டன. ஜரிகைத் துண்டு மங்கி, இருப்பதே தெரிவதில்லை. மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.